கையால் கட்டிய கிராலர் வண்டி மலைப்பாறையில் நின்றுபோனால்: அறிகுறிவாரியாகப் பார்க்கும் முறை

முழுமையாகக் கட்டி, பெட்டியில் வரும் ரிமோட் வண்டிக்குக் கையேடு உண்டு. சட்டகம் ஒரு கடையிலும் ஆக்சில் இன்னொரு கடையிலும் வாங்கி, சர்வோவை (ஸ்டீரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) நண்பரின் பழைய வண்டியிலிருந்து கழற்றி, வண்டியின் வெளிக்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் நாமே வெட்டி ஒட்டிச் சேர்த்த 1:10 அளவு கிராலருக்கு (பாறைகளில் மெதுவாக ஏறும் ரிமோட் வண்டி) அப்படி எதுவும் கிடையாது. அதன் கோளாறுகள் பெரும்பாலும் பாகங்களுக்குள் இருப்பதுமில்லை. வெவ்வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில்தான் இருக்கின்றன. இது புரியாமல், பினியனின் (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு பல்சக்கரம்) ஒரே ஒரு கிரப் ஸ்குரு (அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு ஸ்குரு) தளர்ந்திருந்ததற்கு நான் ஈஎஸ்சியை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். வேலூரில் இருப்பவர்களுக்கு உதிரிப்பாகம் பெரும்பாலும் கூரியரில்தான் வருகிறது. தவறான பாகத்தை வரவழைத்தால் பணத்தோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போகும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு பிடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

நான் பழுது பார்த்துப் பழகியவை பிரஷ்டு மோட்டார் (உள்ளே பிரஷ் வழியாக மின்சாரம் பாயும் வகை) வண்டிகள். என் வண்டியும் அந்த வகைதான்: மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பின் உருவில் கூடு, 45 சுற்றுள்ள (உள்ளே கம்பி 45 முறை சுற்றிய) 540 மோட்டார், 2எஸ் லிப்போ பேட்டரி (இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர் வகை). (ஜீப்பிலும் மோட்டாரிலும் 540 வருவது தற்செயல். மோட்டாரில் அது ஏறத்தாழ 36 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள உருளைக்கு வழங்கும் அளவுப்பெயர்.) கையில் இருக்க வேண்டியவை 1.5, 2.0, 2.5 மி.மீ. அலன் கீக்கள், ஒரு மல்டிமீட்டர், நீல நிற ஸ்குரு பசை, சமையலறை மின்தராசு, சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி வைக்க ஒரு மரக்கட்டை ஆகியவை. 1.5 மி.மீ. கீயை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். அதன் முனை மழுங்கினால் ஸ்குருவின் தலையும் சேர்ந்து மழுங்கிவிடும்.

அறிகுறி 1: வண்டியில் எந்த அசைவும் இல்லை

ஈஎஸ்சியில் விளக்கே எரியவில்லை என்றால்

பேட்டரி இணைப்பானில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 2எஸ் பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். 6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வண்டியை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குச் செல்லுங்கள். வோல்ட் சரியாக இருந்தால் இணைப்பானின் பின்பக்கம் பற்றவைத்த இடத்தை லேசாக ஆட்டுங்கள். ஈயம் பளபளப்பின்றிச் சாம்பல் நிறத்தில் குமிழாக நின்றால் அது உள்ளே சரியாக ஒட்டவில்லை என்று பொருள். அடுத்தது ஈஎஸ்சியின் சிறு சுவிட்ச். ஆற்று மணலில் ஓடும் வண்டிகளில் இதுதான் முதலில் பழுதாகும். சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் நேரடியாக இணைத்ததும் விளக்கு எரிந்தால் ஈஎஸ்சி நலமாக இருக்கிறது. சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும்.

விளக்கு எரிகிறது, ஸ்டீரிங்கும் அசையவில்லை என்றால்

டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்) முதலில் போட்டு, பிறகு வண்டியைப் போடுங்கள். ரிசீவர் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இணைப்பு விட்டிருக்கிறது. மீண்டும் இணைக்க வேண்டும். ரிசீவரில் செருகிய, மூன்று கம்பிகள் கொண்ட செருகிகள் தலைகீழாக இல்லையா என்பதையும் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்புக் கம்பி எல்லாச் செருகிகளிலும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும்.

ஸ்டீரிங் அசைகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால்

திராட்டில் டிரிம் (வேக விசையின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் அமைப்பு) நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். விசையின் நடுநிலையை உணராத வரை ஈஎஸ்சி மோட்டாருக்கு மின்சாரம் விடாது; டிரிம் கொஞ்சம் விலகியிருந்தாலே போதும், வண்டி கிளம்ப மறுக்கும். டிரிம்மைச் சரிசெய்தபின் ஈஎஸ்சியை டிரான்ஸ்மிட்டரோடு மறுபடி அளவுப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மோட்டாரின் இரண்டு கம்பிகளை ஈஎஸ்சியிலிருந்து கழற்றி, நான்கு பென்சில் செல்கள் போட்ட பெட்டியோடு தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுழன்றால் குற்றம் ஈஎஸ்சியிடம். சுழலாவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அழுக்கினால் பிரஷ் தன் உறையிலேயே சிக்கியிருக்கலாம்.

தொழில்முறை ஆளிடம் செல்ல வேண்டிய இடம்: ஈஎஸ்சியிலிருந்து கருகிய வாடை வந்தால் மேற்கொண்டு மின்சாரம் கொடுக்காதீர்கள். கைப்பேசி பழுது பார்ப்பவர்களிடம் காட்டலாம். ஆனால் உள்ளே பிசின் ஊற்றி அடைத்த நீர்புகா ஈஎஸ்சியைத் திறக்க அவர்கள் பெரும்பாலும் ஒப்புவதில்லை. புதியது வாங்குவதுதான் வழி.

அறிகுறி 2: ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது

நண்பர்கள் கொண்டுவரும் வண்டிகளில் நான் மிகுதியாகக் கண்டது இதைத்தான். மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடும். முன்சக்கரம் இரண்டு பாறைகளுக்கிடையே சிக்கிய நிலையில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் விளக்குகள் மங்கும், மோட்டார் நிற்கும், ஓரிரு வினாடிகளில் எல்லாம் தானாகத் திரும்பும். உடனே ரிசீவரைக் குறை சொல்கிறோம். உண்மையில் சர்வோ கேட்கும் மின்னோட்டத்தை ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) கொடுக்க முடியாததால் வோல்ட் சரிந்து, ரிசீவர் ஒருமுறை அணைந்து எழுகிறது. எளிய ஈஎஸ்சிகளின் பிஇசி 6 வோல்ட்டில் 2 அல்லது 3 ஆம்பியர் அளவே தரும். 20, 25 கிலோ இழுவிசை என்று விற்கும் சர்வோ, அசைய முடியாமல் முட்டி நிற்கும்போது அதை முழுதாக விழுங்கிவிடும்.

அதற்காக உடனே தனி பிஇசி வாங்க வேண்டியதில்லை. முதலில் வண்டியைக் கட்டையில் வைத்து ஸ்டீரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பிப் பிடியுங்கள். சர்வோ 'ம்ம்ம்' என்று முனகினால், சக்கரத்தின் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) ஆக்சிலில் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் ஸ்டீரிங்கின் கடைசி எல்லையை இரு பக்கமும் முனகல் அடங்கும் வரை குறையுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிட்டன.

முனகல் இல்லாமலேயே அணைகிறது என்றால் சர்வோ ஹார்னைக் (சர்வோவின் அச்சில் மாட்டிய சிறு கை) கழற்றிவிட்டு, சக்கரங்களைக் கையால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினால் டை ராடின் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முனைப்பந்து வளைந்திருக்கும், அல்லது நக்கிள் ஸ்குரு அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கும்.

எல்லாம் இலகுவாகத் திரும்பினால் மல்டிமீட்டரை ரிசீவரின் காலிச் செருகியில் வைத்து, முன்சக்கரங்களை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஸ்டீரிங்கைத் திருப்புங்கள். 6 வோல்ட் என்று காட்டியது சட்டென்று 5-க்குக் கீழே விழுந்தால் தனி பிஇசி தேவை. மல்டிமீட்டர் மெதுவானது, நொடிப்பொழுதில் நிகழும் சரிவு அதில் முழுதாகத் தெரியாது, ஆகவே சிறு வீழ்ச்சியையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். தனி பிஇசி பொருத்தும்போது ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் செருகியின் நடுவிலுள்ள சிவப்புக் கம்பியை உருவி, முனையை நாடாவால் சுற்றிவிட வேண்டும். இரண்டு மின்வழங்கிகளை ஒரே ரிசீவரில் மோதவிட்டால் ஏதாவது ஒன்று போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் சர்வோவைச் சந்தேகிக்கலாம். உலோகப் பல்சக்கரம் என்று விற்ற ஒரு சர்வோவைத் திறந்து பார்த்தபோது, கடைசிச் சக்கரம் மட்டும் உலோகமாகவும் மற்றவை பிளாஸ்டிக்காகவும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஹார்னைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் வழுக்கினால் பல் போயிருக்கிறது. அந்தச் சர்வோவுக்குப் பல்சக்கரத் தொகுப்பு தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதியதை யோசியுங்கள்.

அறிகுறி 3: மோட்டார் சுழல்கிறது, வண்டி நகரவில்லை

வண்டியைக் கட்டையில் ஏற்றி, கூட்டைக் கழற்றி, திராட்டிலை மெல்ல அழுத்தி, சுழற்சி எந்த இடம் வரை போகிறது என்று கண்ணால் தொடருங்கள். சுழற்சி நின்றுபோகும் இடத்தில்தான் கோளாறு.

மோட்டார் அச்சு சுழன்று பினியன் நின்றால் கிரப் ஸ்குரு தளர்ந்திருக்கிறது. 540 மோட்டாரின் அச்சு 3.17 மி.மீ.; அதில் ஒரு பக்கம் தட்டையாக்கப்பட்டிருக்கும். ஸ்குரு அந்தத் தட்டையின் மேல் நேராக உட்கார வேண்டும். அச்சிலும் ஸ்குருவிலும் உள்ள எண்ணெயைத் துடைத்து, ஒரு துளி நீலப் பசை வைத்து முறுக்குங்கள். இந்தப் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டுமே உரியது. பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடிப்பு விடும். முன்பே பசை வைத்த ஸ்குரு கழல மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். பற்றவைக்கும் கருவியின் சூடான முனையை அதன்மேல் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும். தலை ஏற்கெனவே மழுங்கிவிட்டதென்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளைத்து எடுக்கச் சொல்வதுதான் நல்லது; வீட்டில் கைத்துளைப்பானால் முயன்றால் மோட்டார் அச்சே வளையும்.

பினியனும் ஸ்பரும் (பினியனோடு பொருந்தும் பெரிய பல்சக்கரம்) சுழன்று அதற்கு அப்பால் நின்றால் ஸ்லிப்பர் (சுமை மிகுந்தால் வழுக்கிவிடும் கிளட்ச்) வழுக்குகிறது. அதன் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். டிரைவ் ஷாஃப்ட் (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் தண்டு) சுழன்று சக்கரம் நின்றால், முதலில் சக்கரத்தின் அறுகோண ஹப்புக்குள் இருக்கும் குறுக்கு ஊசியைப் பாருங்கள். வழியில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது மணலில் நழுவி விழுவது அதுதான். பாலாற்று மணலில் விழுந்த ஊசியை யாரும் தேடி எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊசி இருந்தும் சக்கரம் சுழலவில்லை, ஆக்சிலுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கிறது என்றால் உள்ளே கிரவுன், பினியன் என்ற ஜோடிப் பல்சக்கரங்களின் பற்கள் உடைந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பல்லோடு பழைய பல் ஒருபோதும் ஒத்துப்போகாது.

அறிகுறி 4: சத்தமும் அதிர்வும்

'கிர்ர்' என்ற சீரான அரைப்புச் சத்தம்

பினியனும் ஸ்பரும் பொருந்தும் இடைவெளி தவறியிருக்கிறது. செய்தித்தாளில் விரலகலத் துண்டு ஒன்றைக் கிழித்து இரண்டு பற்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை அதன்மேல் அழுத்தி ஸ்குருக்களை முறுக்கிய பின் சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் விசிறிமடிப்பாகக் கசங்கி, ஆனால் கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. இரண்டும் ஒரே பல்லளவா என்பதையும் உறுதிசெய்யுங்கள். 32 பிட்ச், 48 பிட்ச், மாட் 0.8 என்ற பல்லளவுகள் எல்லாம் கலந்து கிடைக்கும் சந்தையில், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சக்கரங்கள் உண்மையில் பொருந்தாதவையாக இருப்பதுண்டு. 32 பிட்சும் மாட் 0.8-ம் ஏறக்குறைய ஒத்துப்போகும். 48 பிட்ச் எதனோடும் சேராது.

வேகத்தோடு கூடும் அதிர்வு, அல்லது சாய்வில் மட்டும் வரும் 'டக் டக்'

இது கட்டும்போது செய்த தவறு. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் சட்டகங்களில் ஒன்றின் சக்கர இடைவெளி 313 மி.மீ. குட்டையான ஜீப் உருவம் வைக்க நினைப்பவர்கள் சட்டகத்தையும் லிங்குகளையும் (ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் தண்டுகள்) குறுக்கிவிட்டு, டிரைவ் ஷாஃப்ட்டை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஷாக் முழுதாக அமுங்கும்போது உள்ளும் புறமுமாய் நீளும் அந்த ஷாஃப்ட்டின் இரு பகுதிகளும் முட்டிக்கொண்டு, ஆக்சில் பேரிங்கையே தள்ளும். ஷாக்குகளைக் கழற்றி, ஆக்சிலைக் கையால் மேலே முழுதாகத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் ஷாஃப்ட்டுக்குள் இரண்டு மூன்று மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பிறகு ஆக்சிலை முழுதாகத் தொங்கவிடுங்கள். அந்நிலையில் உள்பகுதி மூன்றில் ஒரு பங்காவது வெளிப்பகுதிக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் பாறைமேல் ஏறும்போது உருவிக்கொண்டு வரும். நீளமானதை ரம்பத்தால் அறுத்துக் குறைக்கலாம். இரும்பு ஷாஃப்ட் என்றால் லேத்தில் கொடுத்து நேராக வெட்டச் சொல்லுங்கள்.

நீளம் சரியாக இருந்தும் அதிர்ந்தால் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒன்று மற்றதற்குச் செங்குத்தாக மாட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை கூடிக் குறைந்து அதிர்வு எழும். கழற்றித் திருப்பி மாட்டினால் போதும்.

அறிகுறி 5: மோட்டார் தொட முடியாமல் சுடுகிறது

விரலை ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், கருங்கல் பாறை தன் சூட்டையும் சேர்த்துக் கொடுக்கும். காலை ஒன்பது மணிக்குமேல் ஓட்டாமல் இருப்பதே முதல் தீர்வு. நேரம் மாற்றியும் சுட்டால், வண்டியைக் கட்டையில் வைத்துச் சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுழன்றால் பேரிங்கில் மணல் புகுந்திருக்கிறது. பேரிங் கடையில் வெறும் அளவைச் சொல்வதைவிட எண்ணைச் சொன்னால் வேலை எளிது: 5×11×4 மி.மீ. என்பது எம்ஆர்115, 10×15×4 மி.மீ. என்பது 6700. இலகுவாகச் சுழன்றும் சுடுகிறதென்றால் பினியனில் ஒன்றிரண்டு பற்கள் குறைவான சக்கரத்தைப் போடுங்கள். வேகம் குறையும், கிராலருக்கு அதனால் நட்டமில்லை. 2எஸ்-க்குப் பொருத்திய 35 சுற்று மோட்டாரில் 3எஸ் பேட்டரியைப் போட்டு ஓட்டுபவர்கள் 45 அல்லது 55 சுற்றுக்கு மாற வேண்டும். சுற்று கூடினால் வேகம் குறைந்து இழுவை நிதானப்படும். பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் இதையும் சுற்றித் தருவார்களா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சுற்றித் தரமாட்டார்கள், தந்தாலும் புதிய மோட்டாரின் விலையைவிடக் கூடுதலாகும்.

அறிகுறி 6: சரிவில் வண்டி கவிழ்கிறது

அழகுக்காகச் செய்ததெல்லாம் இங்கேதான் கணக்குக் கேட்கும். கூரைமேல் கம்பிக் கேரியர், அதில் ஜெர்ரிகேன், உதிரிச் சக்கரம், விளக்குப் பட்டை என்று ஏற்றிய எடை ஒவ்வொன்றும் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். முதலில் கூரையை வெறுமையாக்கி ஓட்டுங்கள். கவிழ்வது நின்றால், கேரியரில் வைக்கும் பொருட்களை உள்ளே வெற்றாக முப்பரிமாணத்தில் அச்சிட்டவையாகவோ தெர்மாகோலில் செதுக்கி வண்ணமடித்தவையாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். தோற்றம் அதேதான்.

ஏற்றத்தில் பின்பக்கமாக மல்லாந்தால் எடைப் பங்கீட்டைப் பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டையும் தராசிலும், பின்சக்கரங்களைத் தராசின் உயரத்துக்குச் சமமான புத்தகங்களின் மீதும் வைத்து நிறுங்கள். பிறகு திருப்பி வைத்து நிறுங்கள். மொத்த எடையில் 55 முதல் 60 விழுக்காடு முன்னால் இருப்பது நல்லது. பேட்டரித் தட்டை முன்னுக்கு மாற்றுவது இலவசம். பித்தளை நக்கிள், பித்தளை ஆக்சில் மூடி போன்றவை பிற்பாடு.

திராட்டில் கொடுத்தவுடன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தால், ரிவர்ஸில் அதேபோல் கொடுத்துப் பாருங்கள். சாய்வு மறுபக்கத்துக்கு மாறினால் அது டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்குவிசை சட்டகத்தைத் திருகுவதால் வருவது. மிக மென்மையான ஸ்பிரிங்குகளைச் சற்றே கடினமானவையாக மாற்றி, ஷாக் எண்ணெயையும் கெட்டியானதாக்கினால் தணியும், முழுதாக ஒழியாது. ரிவர்ஸிலும் அதே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஷாக்கில் எண்ணெய் கசிந்திருக்கிறது, அல்லது பேட்டரி நடுக்கோட்டிலிருந்து விலகி மாட்டப்பட்டிருக்கிறது.

சாய்வே இல்லாமல் வழுக்கி உருண்டால் டயரைப் பாருங்கள். பீட்லாக் (டயரை விளிம்போடு இறுக்கும் வளையம்) ஸ்குருக்கள் தளர்ந்து டயர் விளிம்பிலிருந்து நழுவியிருக்கலாம். ஓடை நீரில் இறக்கிய வண்டியில் உள்ளிருக்கும் நுரை தண்ணீர் குடித்துக் கனத்திருக்கலாம்.

அறிகுறி 7: தூரம் போனால் கட்டுப்பாடு விடுகிறது

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டென்னாக் கம்பியில் உறை நீக்கிய முனை 31 மி.மீ. அளவே இருக்கும், வேலை செய்வது அந்தத் துண்டுதான். அதை வெட்டாமல், மடிக்காமல், உலோகச் சட்டகத்திலிருந்து விலக்கி, சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் நேராக நிறுத்துங்கள். கூட்டை அலுமினியத் தகட்டில் செய்தவர்கள் அந்த முனையைக் கூட்டுக்கு வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும். இணைப்பு அறுந்தால் திராட்டில் நடுநிலைக்கு வரும்படி ஃபெயில்சேஃபை அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். அதையும் கட்டையில் வைத்தே செய்யுங்கள்.

அறிகுறி 8: பேட்டரி வீங்கியிருக்கிறது, அல்லது வோல்ட் மிகவும் இறங்கிவிட்டது

இதில் எளிய காரணம், செலவுள்ள காரணம் என்ற வரிசை கிடையாது. வீங்கிய லிப்போவைச் சார்ஜ் செய்யவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. வெயில் படாத திறந்த இடத்தில், மணல் நிரப்பிய மண்சட்டியிலோ பழைய இரும்பு வாளியிலோ வைத்துவிடுங்கள். வீங்காமல், ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலும் அதை மீட்க முயலாதீர்கள்.

இப்படி நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அமைப்பில் உள்ளது. பல எளிய ஈஎஸ்சிகளில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு ஜம்பர் இருக்கும். அது நிக்கல் பேட்டரி நிலையில் இருந்தால், லிப்போ தாழ்ந்துபோவதை ஈஎஸ்சி தடுக்காது. புதிய ஈஎஸ்சி மாட்டிய அன்றே இதைப் பாருங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியருக்குமேல் வேண்டாம். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

பேட்டரியின் இணைப்பானை மாற்றிப் பற்றவைக்க வேண்டுமானால், இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒன்றை முடித்து, உறை போட்டு மூடிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். கை பழகாதவர்கள் இதைப் பற்றவைக்கத் தெரிந்தவரிடமே கொடுப்பது மேல். வீங்கிப்போனதைக் குப்பை வண்டியில் போடக்கூடாது, அங்கே நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிப்பவரிடம், அது லிப்போ என்றும் வீங்கியது என்றும் சொல்லி, இரண்டு முனைகளிலும் நாடா ஒட்டிக் கொடுங்கள்.